வீட்டுக்கு ஜெனரேட்டர்: லோடு கணக்கில் தொடங்கி முதல் ஓட்டம் வரை

சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு ஜெனரேட்டர் வைத்தேன். அதன் பிறகு எங்கள் தெருவிலும் உறவினர் வீடுகளிலுமாக ஏழெட்டு வீடுகளில் உடன் நின்று இந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். தடுமாறியவர்கள் எல்லாரும் ஒரே காரணத்தால்தான் தடுமாறினார்கள். எந்திரத்தை முதலில் வாங்கிவிட்டு, எதை ஓட்டுவது, எங்கே வைப்பது என்று பிறகு யோசித்தார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் லோடு, அடுத்து இடம், அதற்கும் பிறகுதான் கடை.

தொடங்கும் முன் நான்கு பொருள்கள் கையில் இருக்கட்டும்: மின் கட்டண அட்டை அல்லது ரசீது (சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா என்று தெரிய), மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டின் புகைப்படம், மெயின் பெட்டியைத் திறந்து எடுத்த புகைப்படம், ஓர் அளவு நாடா. எலக்ட்ரீஷியனிடம் கிளாம்ப் மீட்டர் (வயரை வெட்டாமல் மேலே மாட்டி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) இருந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கேளுங்கள். அது மிச்சப்படுத்தும் பணம் அதிகம்.

1. ஜெனரேட்டர் தேவைதானா என்று பாருங்கள்

மாதம் ஒருமுறை பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் 2 மணி வரை மின்சாரம் நிறுத்துகிறார்களே, அதற்கு ஜெனரேட்டர் வேண்டாம். 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்றுடன் உள்ள இன்வெர்ட்டர் மூன்று மின்விசிறிகளையும் நான்கு விளக்குகளையும் நான்கைந்து மணி நேரம் தாங்கும். பேட்டரி பழையது என்றால் அதை மாற்றுவதே போதும்.

சென்னையில் ஜெனரேட்டருக்கு உண்மையான காரணம் மழை. தெருவில் தண்ணீர் ஏறி பில்லர் பாக்ஸை (தெருவோர மின் விநியோகப் பெட்டி) எட்டினால், ஆள் உயிருக்கு ஆபத்து என்பதால் மின்வாரியம் அந்தப் பகுதிக்கு மின்சாரத்தை நிறுத்திவிடும். தண்ணீர் வடியும் வரை அது திரும்பாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள் கணக்கில் இருட்டாக இருந்தது இப்படித்தான். 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது மரங்களும் கம்பங்களும் சாய்ந்ததால் மின்தடை நீண்டது.

ஆகவே வழக்கமான மின்தடையை வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் தெருவில் இதுவரை அதிகபட்சம் எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தது என்று அண்டை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஒரு நாளுக்குள் என்றால் இன்வெர்ட்டர் போதும். இரண்டு மூன்று நாள் என்றால் மேலே படியுங்கள். வீட்டில் ஆக்சிஜன் கருவியோ, இன்சுலின் வைத்த ஃபிரிட்ஜோ இருந்தால் நாள் கணக்கு பார்க்க வேண்டாம்.

2. எதை ஓட்டப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்

தாளில் எழுதுங்கள். வாயால் சொல்லும்போது எல்லாரும் ஏ.சி.யையும் கீசரையும் சேர்த்துவிடுகிறார்கள், எழுதும்போது குறைத்துவிடுகிறார்கள்.

எங்கள் பட்டியல் இது: மின்விசிறி நான்கு, ஒவ்வொன்றும் 75 வாட் (மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. வகை என்றால் 30 வாட்டுக்கு அருகில்). எல்.இ.டி. விளக்கு எட்டு, எல்லாம் சேர்த்து 80 வாட்டுக்குள். ஃபிரிட்ஜ் ஓடும்போது 150 முதல் 200 வாட். தொலைக்காட்சி, இணைய மோடம், கைபேசி சார்ஜர் எல்லாம் சேர்த்து 150 வாட். மொத்தம் 700 வாட்டைச் சுற்றி வருகிறது. அதோடு போர்வெல் மோட்டார் 1 ஹெச்.பி.

மோட்டாரைத் தவிர மற்றவை ஒரு சிறிய ஜெனரேட்டருக்குள் அடங்கிவிடும். அளவை முடிவு செய்வது மோட்டார்தான். அதற்குத் தனியாக ஒரு பகுதி.

3. மோட்டார் கிளம்பும் நொடியை அளவெடுங்கள்

1 ஹெச்.பி. என்றால் 746 வாட் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அது மோட்டார் வெளியே தரும் வேலை. உள்ளே இழுப்பது 1,100 வாட்டுக்கும் மேல். அதுவும் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும். கிளம்பும் அந்த ஒரு நொடியில் ஓட்ட மின்னோட்டத்தைப்போல் நான்கு, ஐந்து மடங்கு இழுக்கும்.

எங்கள் எதிர்வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். 2.5 கே.வி.ஏ. (ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு) எந்திரம் வாங்கி வந்திருந்தார்கள். விளக்கு எரிந்தது, மின்விசிறி சுழன்றது, எல்லாருக்கும் மகிழ்ச்சி. மோட்டார் ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அழுத்தியதும் எந்திரத்தின் சத்தம் கனத்து இறங்கியது. விளக்குகள் மங்கின. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் உறுமல் மட்டும் கேட்டது; குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. வயரில் மாட்டியிருந்த கிளாம்ப் மீட்டர் 20 ஆம்பியரைத் தாண்டி நின்றது. அந்த எந்திரம் தரக்கூடியதோ 11 ஆம்பியர். உடனே அணைக்கச் சொன்னேன். மோட்டார் சுற்றாமல் அப்படியே நின்றால் காயில் கருகிவிடும். எண்பது அடி ஆழத்திலிருந்து மோட்டாரைத் தூக்கிக் காயில் கட்டக் கொடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்று போர்வெல் உள்ள எல்லாருக்கும் தெரியும்.

சிங்கிள் ஃபேஸ் சப்மெர்சிபிள் மோட்டாருக்கு நான் வைத்திருக்கும் கணக்கு: 1 ஹெச்.பி.க்கு 5 கே.வி.ஏ., 1.5 ஹெச்.பி.க்கு 6.5 கே.வி.ஏ., 2 ஹெச்.பி.க்கு 9.5 கே.வி.ஏ. இதற்குக் கீழே போகாதீர்கள்.

இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். மோட்டாரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் 5 கே.வி.ஏ. தேவை ஒரேயடியாக 2 கே.வி.ஏ.க்கு இறங்கும். விலை, எடை, சத்தம், எரிபொருள் எல்லாம் பாதியாகும். புயல் எச்சரிக்கை வந்த அன்றே மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, சிக்கனமாகச் செலவழித்தால் நால்வர் உள்ள குடும்பத்துக்கு 1,000 லிட்டர் மூன்று நாள் வரும்.

சம்ப்பிலிருந்து மேலே ஏற்றும் அரை ஹெச்.பி. மோட்டாரை மட்டும் ஓட்டிக்கொள்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். அதற்கு 2.5 முதல் 3 கே.வி.ஏ. போதும். ஆனால் வெள்ளத்தில் முதலில் கெடுவது சம்ப் தண்ணீர்தான், சாக்கடை கலந்துவிடும். தெருத் தண்ணீர் உங்கள் சம்ப் மூடியை எட்டும் என்றால் அந்த மோட்டாரை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

4. எந்திரத்தின் அளவை முடிவு செய்யுங்கள்

மோட்டார் இருந்தால்: மேலே சொன்ன அளவு. மற்ற விளக்கு, மின்விசிறிகள் அதற்குள் அடங்கும், மோட்டாரை முதலில் கிளப்பிவிட்டு மற்றவற்றைப் பிறகு போட்டால்.

மோட்டார் இல்லையென்றால்: பட்டியலின் மொத்தத்தை ஒன்றரையால் பெருக்குங்கள். ஃபிரிட்ஜ் கம்ப்ரசரும் கிளம்பும்போது கூடுதலாக இழுக்கும். அதற்குத்தான் இந்த இடைவெளி. மே மாத வெயிலில் எந்திரமும் தன் முழு அளவைத் தராது.

எந்திரத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று ‘மேக்ஸ்’, மற்றொன்று ‘ரேட்டட்’. கடையில் முதல் எண்ணைத்தான் சொல்வார்கள். அது சில நிமிடங்களுக்கு மட்டும் தாங்கும் அளவு. நீங்கள் பார்க்க வேண்டியது ரேட்டட். கே.வி.ஏ.வையும் கிலோவாட்டையும் ஒன்றாக எண்ணாதீர்கள்; டீசல் எந்திரங்களில் 5 கே.வி.ஏ. என்றால் பெரும்பாலும் 4 கிலோவாட்.

பெரிதாக வாங்குவதும் தவறு. டீசல் என்ஜினை அதன் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான லோடில் நாள் கணக்கில் ஓட்டினால் எரிபொருள் முழுதாக எரியாது. சைலன்சரில் கறுப்பு எண்ணெய் கசியும், கரி படியும். ‘எதிர்காலத்தில் ஏ.சி. வாங்கினால்’ என்று 10 கே.வி.ஏ. வாங்கி 700 வாட்டுக்கு ஓட்டுகிறவர்களின் எந்திரம் இப்படித்தான் கெடுகிறது.

5. இடம்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், தூக்கம் என்று ஆளை அடக்கிவிடும், தூங்குகிறவர் எழுந்திருப்பதில்லை.

என் உறவினர் ஒருவர் மழை படக்கூடாது என்று எந்திரத்தை கார் நிறுத்தும் போர்ட்டிகோவுக்குள் வைத்து, ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். நான் போனபோது மாடிப்படி முழுவதும் புகை ஏறி, மேலே படுத்திருந்த பெரியம்மா தலை வலிக்கிறது, வயிற்றைப் பிரட்டுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பட்டினியால் இருக்கும் என்று காபி போட்டுக் கொடுத்திருந்தார்கள். எந்திரத்தை நிறுத்திவிட்டு, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்து, நேராக மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். பிழைத்துக்கொண்டார். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்றும் வருகிறது.

விதி இதுதான்: எந்தக் கதவு, ஜன்னலிலிருந்தும் குறைந்தது 6 மீட்டர், அதாவது 20 அடி தள்ளி, திறந்தவெளியில். உங்கள் ஜன்னல் மட்டும் கணக்கில்லை. பக்கத்து வீட்டு ஜன்னலும் சேர்த்துத்தான். அளவு நாடாவை இப்போது எடுங்கள்.

ஒரு கிரவுண்ட் மனையில் பின்பக்கம் தோட்டம் விட்டிருந்தால் இடம் கிடைக்கும். அரை கிரவுண்டில் இருபுறமும் நான்கடி விட்டுக் கட்டிய வீட்டில் தரைத்தளத்தில் கிடைக்காது. அங்கே இரண்டு வழிகள்தான். ஒன்று, தூக்கக்கூடிய சிறிய எந்திரத்தை மொட்டை மாடியில், படிக்கட்டு அறைக் கதவிலிருந்து தள்ளி வைத்து, ஓடும்போது அந்தக் கதவை மூடி வைப்பது. இரண்டு, ஜெனரேட்டரை விட்டுவிட்டு இன்வெர்ட்டருக்குக் கூடுதல் பேட்டரி வாங்குவது. இடம் இல்லாதவர்களுக்கு நான் இரண்டாவதையே சொல்கிறேன். வாங்கிவிட்டோமே என்று எந்திரத்தை ஜன்னலுக்கு அடியில் வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இடம் உள்ளவர்கள் மேலும் மூன்றைப் பாருங்கள். முதலாவது உயரம்: 2015 வெள்ளத்திலும் 2023 புயலிலும் உங்கள் சுவரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பார்த்து, அதற்கும் ஓரடி மேலே காங்கிரீட் மேடை கட்டுங்கள். வெள்ளத்துக்காக வாங்கிய எந்திரம் வெள்ளத்தில் மூழ்கினால் பயன் இல்லை. இரண்டாவது காற்று: ஐப்பசி, கார்த்திகையில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசும். வீட்டுக்குத் தென்மேற்கு மூலையில் எந்திரம் இருந்தால் புகை வீட்டைவிட்டு விலகிப் போகும். மூன்றாவது கூரை: மேலே தகரம் மட்டும் போதும், நான்கு பக்கமும் திறந்திருக்க வேண்டும். மூன்று பக்கம் அடைத்தால் அது அறைதான்.

புயல் காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது ஓட்ட வேண்டாம். சாரல் எந்தக் கூரையையும் மீறி உள்ளே வரும், காற்றும் திசை மாறும். காற்று அடங்கும் வரை இன்வெர்ட்டரில் இருங்கள்.

6. பெட்ரோலா, டீசலா

3 கே.வி.ஏ. வரை பெட்ரோல். இரண்டு பேர் தூக்கலாம், கயிற்றை இழுத்தும் கிளப்பலாம். பாதி லோடில் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் செலவாகும்.

5 கே.வி.ஏ.க்கு மேல், நாள் கணக்கில் ஓட வேண்டும் என்றால் டீசல். பெட்டிக்குள் அடைத்த சத்தம் குறைந்த வகையைத்தான் வாங்க வேண்டும். எடை நூற்றுக்கணக்கான கிலோ என்பதால் மேடை முன்கூட்டியே காய்ந்து தயாராக இருக்க வேண்டும். கேட்டின் அகலத்தையும் அளந்துவிடுங்கள். கேட்டைக் கழற்றி எந்திரத்தை உள்ளே கொண்டுவந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

எரிபொருளைக் கணக்கிடும்போது வெள்ளத்தின்போது பங்க் திறந்திருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் என்று மூன்று நாள் ஓட்ட 18 முதல் 20 லிட்டர் பெட்ரோல் வேண்டும். விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை உரிமம் இல்லாமல் 30 லிட்டர் வரைதான் வைத்திருக்கலாம் என்பது 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம். மூடி இறுகிய உலோக கேனில், வீட்டுக்கு வெளியே, நிழலில் வையுங்கள். சமையலறை, பூஜை விளக்கு, இன்வெர்ட்டர் பேட்டரி எதன் பக்கத்திலும் வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்ததும் வாங்கி, புயல் போனதும் மிச்சத்தை ஸ்கூட்டருக்கு ஊற்றிவிடுங்கள். பெட்ரோலில் இப்போது எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், மாதக் கணக்கில் வைத்தால் கெடும்.

7. அனுமதியும் அண்டை வீட்டாரும்

நிலையாகப் பொருத்தும் டீசல் எந்திரம் என்றால், பணம் கட்டும் முன் உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்திலும் மின் ஆய்வாளர் அலுவலகத்திலும் உங்கள் கே.வி.ஏ.வைச் சொல்லி என்ன ஒப்புதல் வேண்டும் என்று கேளுங்கள். விற்பவர் ‘ஒன்றும் தேவையில்லை’ என்று சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். அடுக்குமாடியில் சங்கத்தின் சம்மதமும் எழுத்தில் வேண்டும்.

சத்தத்துக்கு விதி இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். டீசல் எந்திரப் பெட்டியிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது. பத்து மணிக்கு நிறுத்திவிடுவோம் என்று பக்கத்து வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வெள்ள நாளில் அவர்கள் கைபேசிக்கு சார்ஜ் போட ஒரு பிளக் வைத்துக் கொடுங்கள். எங்கள் தெருவில் இதுவரை ஒரு சச்சரவும் வந்ததில்லை.

8. சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச்: இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்

இரண்டு முனையிலும் ஆண் பிளக் உள்ள வயரைச் செய்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையை வீட்டுச் சுவர் பிளக்கிலும் செருகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இதைச் செய்துதரும் எலக்ட்ரீஷியனும் இருக்கிறார். தயவுசெய்து செய்யாதீர்கள். மெயினை அணைக்க ஒருமுறை மறந்தால் உங்கள் 230 வோல்ட் தெருக் கம்பிக்குப் போகும். அங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்குள் தலைகீழாக நுழைந்து 11,000 வோல்ட்டாக ஏறும். மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று நம்பி இடுப்பளவு தண்ணீரில் நின்று கம்பியைத் தொடும் லைன்மேன் உங்கள் தெருவுக்காகத்தான் வந்திருக்கிறார். அந்த வயரின் செருகாத முனையில் பிளக் ஊசிகள் இரண்டும் மின்சாரத்தோடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பது வேறு.

சேஞ்ச்ஓவர் ஸ்விட்சுக்கு மூன்று நிலைகள்: மின்வாரியம், நடுவில் அணைந்த நிலை, ஜெனரேட்டர். ஒன்றைத் துண்டிக்காமல் மற்றொன்றை இணைக்கவே முடியாது. மறதிக்கு இடமில்லை என்பதுதான் அதன் மதிப்பு.

இடம்: மீட்டருக்கும் மெயினுக்கும் பிறகு, வீட்டுக்குள் பிரியும் பெட்டிக்கு முன். மீட்டரின் சீலைத் தொடக்கூடாது. சிங்கிள் ஃபேஸுக்கு ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் இரட்டைத் துருவ வகை. த்ரீ ஃபேஸுக்கு நான்கு துருவ வகை. ஃபேஸை மட்டும் மாற்றும் மலிவு வகை வேண்டாம். நியூட்ரல் வழியாகவும் மின்சாரம் வெளியே போகும்.

த்ரீ ஃபேஸ் வீட்டில் சிங்கிள் ஃபேஸ் ஜெனரேட்டர் வைக்கும்போது குழப்பம் வரும். ஃபிரிட்ஜ் ஒரு ஃபேஸில், மின்விசிறி ஒரு ஃபேஸில், மோட்டார் வேறொன்றில் இருக்கும். எனக்குப் பிடித்த வழி, தேவையான ஐந்தாறு சர்க்யூட்டுகளை மட்டும் பிரித்து ஒரு சிறிய தனிப்பெட்டி போடுவது. சேஞ்ச்ஓவர் அந்தப் பெட்டிக்கு மட்டும். கீசரும் ஏ.சி.யும் அதில் இருக்காது. எனவே இருட்டில் யாராவது கை தவறிக் கீசரைப் போட்டாலும் ஜெனரேட்டருக்கு ஒன்றும் ஆகாது.

வயரிங்கைப் பிரிக்க முடியாத பழைய வீடு என்றால் நான்கு துருவ ஸ்விட்சின் ஜெனரேட்டர் பக்கத்தில் மூன்று ஃபேஸையும் ஒன்றாக இணைப்பார்கள். அப்போது மொத்த மின்னோட்டமும் ஒரே நியூட்ரலில் திரும்பும். அந்த வயர் அதைத் தாங்குமா என்று பார்க்கச் சொல்லுங்கள். த்ரீ ஃபேஸ் மோட்டார் இருந்தால் அதன் எம்.சி.பி.யை (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்) இறக்கி டேப் ஒட்டிவிடுங்கள். இப்படிக் கொடுக்கும் மின்சாரத்தில் அது சுற்றாது, கருகும்.

ஜெனரேட்டரிலிருந்து வரும் வயர் செம்பாக இருக்கட்டும். 5 கே.வி.ஏ. என்றால் 22 ஆம்பியர். 4 சதுர மி.மீ., தூரம் அதிகம் என்றால் 6 சதுர மி.மீ. ஜெனரேட்டர் முனையில் அதன் அளவுக்கேற்ற எம்.சி.பி. ஒன்று வேண்டும். இந்த வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று கேள்வி கேளுங்கள்.

9. எர்த்தும் நியூட்ரலும்

எந்திரத்தின் உடலுக்குத் தனி எர்த் கம்பி தரையில் இறக்க வேண்டும். ஈரத்தில் நின்று தொடப்போகிற பொருள் அது.

அடுத்தது பலர் அறியாதது. தூக்கக்கூடிய சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எதனுடனும் இணைக்கப்படாமல் மிதக்கும். டெஸ்டரை வைத்தால் இரண்டு துளையிலும் மங்கலாக எரியும். இந்த நிலையில் உங்கள் வீட்டு ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) வேலை செய்யாது, ஷாக் அடித்தாலும் விழாது. எந்திரத்தின் கையேட்டில் அனுமதி இருந்தால், ஜெனரேட்டர் இடத்திலேயே, அந்த ஒரே இடத்தில் மட்டும், நியூட்ரலை எர்த்துடன் இணைக்கச் சொல்லுங்கள். இரட்டைத் துருவ ஸ்விட்ச் இருந்தால்தான் இது சரிப்படும். மின்வாரிய நியூட்ரலை வீட்டு எர்த்துடன் ஒருநாளும் இணைக்கக்கூடாது.

வேலை முடிந்ததும் ஜெனரேட்டர் ஓடும்போது ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அதோடு நிறுத்தாமல், பிளக்கில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் காட்டுகிறதா என்று மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். மிதக்கும் நியூட்ரலிலும் சோதனைப் பொத்தான் விழும். அதனால் பொத்தானை மட்டும் நம்ப முடியாது.

10. இன்வெர்ட்டரும் சோலாரும்

இன்வெர்ட்டர் சேஞ்ச்ஓவருக்குப் பின்னால், வீட்டுப் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் ஜெனரேட்டர் ஓடும்போது பேட்டரியும் ஏறும். ‘ஜெனரேட்டர் ஓடியும் இன்வெர்ட்டர் சார்ஜ் ஆகவில்லை’ என்றால் பெரும்பாலும் அது யு.பி.எஸ். நிலையில் இருக்கும், சிறு ஏற்ற இறக்கத்தையும் ஏற்காது. பின்பக்க ஸ்விட்சைச் சாதாரண நிலைக்கு மாற்றுங்கள். சார்ஜ் ஆக 250 முதல் 300 வாட் இழுக்கும், பட்டியலில் சேருங்கள்.

இது அமைந்துவிட்டால் எந்திரத்தை நாள் முழுதும் ஓட்ட வேண்டியதில்லை. காலையில் ஓட்டி மோட்டார், ஃபிரிட்ஜ், பேட்டரி மூன்றையும் முடித்துக்கொள்ளுங்கள். மாலையில் மீண்டும் அதே. திறக்காத ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும். இரவு இன்வெர்ட்டரில் நிம்மதியாகத் தூங்கலாம்.

மாடியில் மின்வாரியத்தோடு இணைந்த சோலார் இருந்தால் அதன் இணைப்பு சேஞ்ச்ஓவருக்கு முன்னால், மின்வாரியப் பக்கத்தில் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் ஜெனரேட்டரை மின்வாரியம் என்று எண்ணி சோலார் இன்வெர்ட்டர் அதற்குள் மின்சாரத்தைத் தள்ளும். வோல்டேஜ் ஏறி எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

11. முதல் ஓட்டம்

புது எந்திரத்தில் என்ஜின் ஆயில் இருக்காது. ஊற்றாமல் கிளப்பினால் வாங்கிய அன்றே என்ஜின் பிடித்துக்கொள்ளும். கையேட்டில் சொன்ன ஆயிலை, சமதளத்தில் வைத்து, குச்சியின் மேல் கோடு வரை ஊற்றுங்கள்.

சேஞ்ச்ஓவர் நடுநிலையில் இருக்கட்டும். கிளப்பி மூன்று நிமிடம் லோடு இல்லாமல் ஓடவிட்டு, மீட்டரில் வோல்டேஜ் 230-ஐ ஒட்டி, ஃப்ரீக்வென்சி 50-ஐ ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகுதான் ஜெனரேட்டர் பக்கம் திருப்ப வேண்டும். மோட்டார் முதலில், ஃபிரிட்ஜ் அடுத்து, மற்றவை பிறகு. மோட்டார் கிளம்பும்போது லோடு குறைவாக இருந்தால்தான் அந்த ஒரு நொடியை எந்திரம் தாங்கும்.

நிறுத்தும்போது தலைகீழ்: மோட்டாரை நிறுத்தி, சேஞ்ச்ஓவரை நடுவில் கொண்டுவந்து, இரண்டு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு அணையுங்கள். ஓடும்போதோ, நிறுத்திய சூட்டிலோ பெட்ரோல் ஊற்றாதீர்கள். சைலன்சரில் ஒரு சொட்டு பட்டால் தீப்பிடிக்கும். பதினைந்து நிமிடம் ஆறட்டும்.

இந்த வரிசையைப் பெரிய எழுத்தில் எழுதி சேஞ்ச்ஓவர் பெட்டியில் ஒட்டுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில்தான் மின்சாரம் போகும். வீட்டில் உள்ள எல்லாரையும் ஒருமுறை தனியாகச் செய்யச் சொல்லி, நீங்கள் பேசாமல் பாருங்கள். என் மனைவி செய்தபோது கயிற்றை இழுக்கச் சிரமப்பட்டார். அதைப் பார்த்த பிறகுதான் செல்ஃப் ஸ்டார்ட் உள்ள வகைக்கு மாறினோம்.

12. சும்மா இருக்கும் மாதங்கள்

மாதம் ஒருநாள், இருபது நிமிடம், லோடோடு ஓட்டுங்கள். முடிவில் பெட்ரோல் குழாயை மூடி, எந்திரம் தானாக நிற்கும்வரை விடுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கிப் பிசினாகாமல் இருக்க இதுவே வழி. தேவைப்படும் நாளில் கிளம்பாத எந்திரங்களில் பெரும்பாலானவை இங்கேதான் மாட்டுகின்றன.

முதல் ஆயில் மாற்றம் 20 மணி நேரத்தில், பிறகு 100 மணி நேரத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. டீசல் எந்திரத்தின் பேட்டரிக்குச் சிறிய சார்ஜர் வைத்துவிடுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலுக்கு அருகில் இருப்பவர்கள் வயர் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று மாதாமாதம் பாருங்கள். செப்டம்பர் முடிவதற்குள் ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், எர்த் இணைப்பு மூன்றையும் சரிபார்த்துவிட வேண்டும். அக்டோபரில் மழை தொடங்கினால் மெக்கானிக் கிடைக்கமாட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் எந்திரத்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், துடைத்துவிட்டுக் கயிற்றை இழுத்துப் பார்க்காதீர்கள். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபிபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் என்ஜினுக்குள் போயிருக்கிறது. பிளக்கைக் கழற்றி, ஆயிலையும் பெட்ரோலையும் முழுதாக வடித்து, ஆல்டர்னேட்டர் (மின்சாரம் உண்டாக்கும் பகுதி) காயில் நன்றாகக் காய்ந்து, மெக்கானிக் மெக்கர் (மின்கசிவு இருக்கிறதா என்று சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்த பிறகே கிளப்ப வேண்டும்.